திறமூல மென்பொருளும் தமிழாய்வும்: மூலத்தைக் காணும் உரிமை குறித்த ஒரு விளக்கம்

ஆய்வுச் சுருக்கம்

தமிழாய்வாளர் இன்று தட்டச்சு, தேடல், சொல்லெண்ணிக்கை, சொல்லடைவு, மின்வருடிய நூலைப் பனுவலாக்கல் ஆகிய பணிகள் அனைத்திற்கும் மென்பொருளைச் சார்ந்துள்ளார். அம்மென்பொருள்களில் கணிசமானவை திறமூலச் சமூகங்களால் உருவாக்கிப் பேணப்படுபவை. ஆயினும் திறமூலம் என்பது ‘விலையில்லாமல் கிடைப்பது’ என்ற அளவிலேயே ஆய்வுலகில் புரிந்துகொள்ளப்படுகிறது. திறமூலத்தின் அடிப்படை விலையன்று, சோதித்தறியும் உரிமையும் தொடர்ந்து செய்யும் உரிமையுமே என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ்ப் பதிப்பு மரபில் மூலபாடம் பெறும் இடத்தோடு மூலநிரலை ஒப்பிட்டு, தமிழ்க் கணிமை வரலாற்றிலிருந்து சான்றுகளைத் தந்து, இச்சமூகத்தில் தமிழாய்வாளர் ஆற்றத்தக்க பங்கினை இது வரையறுக்கிறது.

திறவுச்சொற்கள்: திறமூலம், கட்டற்ற மென்பொருள், மூலநிரல், ஒருங்குறி, உரிமம், தமிழ்த் தரவு.

முன்னுரை

சேலத்திற்கும் திருச்செங்கோட்டிற்கும் இடைப்பட்ட ஆட்டையாம்பட்டி போன்ற ஊர்களிலிருந்து வரும் ஆய்வு மாணவர் ஒருவர் தம் துறைசார்ந்த முந்தைய ஆய்வேடுகளைப் பார்க்க விரும்பினால், இன்று அவர் ஒவ்வொரு பல்கலைக்கழக நூலகத்திற்கும் நேரில் செல்லவேண்டியதில்லை. ‘சோத்கங்கா’ என்னும் தேசிய ஆய்வேட்டுக் களஞ்சியத்தில் ஆயிரக்கணக்கான ஆய்வேடுகளை இணையவழியே காணலாம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிமுறைகளுக்குப் பின் ஆய்வேட்டின் மின்படியை ஒப்படைக்கும் வழக்கம் பரவியதன் பயன் இது.

ஆனால் அவர் இறக்கிக்கொண்ட ஆய்வேட்டில் ஒரு சொல்லைத் தேட முயன்றால் பலநேரங்களில் ஏமாற்றமே எஞ்சும். திரையில் ‘தமிழ்’ எனத் தெளிவாகத் தெரியும் சொல்லை நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினால் ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் வந்து நிற்கும். பாமினி எழுத்துருவில் தட்டச்சான ஆய்வேட்டின் நிலை இது. வேறு எழுத்துருக்களில் தட்டச்சானவற்றில் வேறு வகையான குறிகள் தோன்றும். சிறுநகரங்களின் டி.டி.பி. மையங்களில் ஆண்டுக்கணக்கில் தட்டச்சான ஆய்வேடுகள் கண்ணுக்குத் தமிழாகவும் கணினிக்கு வேறொன்றாகவும் இருக்கின்றன.

இதில் இரு நிலைகள் உள்ளன. ஆய்வேட்டைக் காட்டும் சோத்கங்கா களஞ்சியம் இயங்குவது ‘டிஸ்பேஸ்’ என்னும் திறமூல மென்பொருளின்மீது. மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் நூலகமும் ஹியூலெட்-பேக்கர்டு நிறுவனமும் இணைந்து உருவாக்கி 2002இல் வெளியிட்ட அதனை உலகின் பல பல்கலைக்கழகங்கள் பயன்படுத்துகின்றன. களஞ்சியம் திறந்திருக்கிறது, அதனுள் வைக்கப்பட்ட பனுவலோ மூடியிருக்கிறது. இந்த இடைவெளி ஏன் தோன்றியது, எவ்வாறு குறையும் என்பதே இக்கட்டுரையின் வினா.

1. சொல்லும் பொருளும்

மென்பொருளை மனிதர் எழுதும் வடிவம் மூலநிரல். கணினி இயக்கும் வடிவம் இருமக் கோப்பு. மூலநிரலைப் படித்து, மென்பொருள் எவ்வாறு செயற்படுகிறது என்று அறியலாம். இருமக் கோப்பை இயக்கலாமேயன்றிப் பெரும்பாலும் படிக்க இயலாது. பயனருக்கு மூலநிரலைத் தராமல் இருமக் கோப்பை மட்டும் விற்கும் முறை 1970களின் பிற்பகுதியிலிருந்து வலுப்பெற்றது.

இதற்கு மறுப்பாக, மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தின் செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தில் பணியாற்றிய ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983இல் ‘குனு’ திட்டத்தை அறிவித்தார். 1985இல் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையும், 1989இல் குனு பொது உரிமத்தின் முதற் பதிப்பும் தோன்றின. 1991இல் ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருநிரல், அடுத்த ஆண்டில் இவ்வுரிமத்தின்கீழ் வந்தது. ‘திறமூலம்’ என்பதற்குரிய ஆங்கிலத் தொடர் 1998இல்தான் வழக்கிற்கு வந்தது.

கட்டற்ற மென்பொருள் நான்கு உரிமைகளால் வரையறுக்கப்படுகிறது. எந்நோக்கத்திற்கும் இயக்கும் உரிமை, மூலநிரலைக் கற்று மாற்றும் உரிமை, படியெடுத்துப் பகிரும் உரிமை, மாற்றிய வடிவத்தைப் பிறருக்கு வழங்கும் உரிமை என்பன அவை. ‘கட்டற்ற’ என்ற தொடரை விரும்புவோர் பயனரின் உரிமையை முன்னிறுத்துவர். ‘திறமூலம்’ என்ற தொடரை விரும்புவோர் பலர் கூடி உருவாக்குவதன் நடைமுறைப் பயனை முன்னிறுத்துவர். உரிமங்களின் அளவில் இரண்டும் பெரும்பாலும் ஒன்றையே சுட்டுகின்றன.

இங்குத் தமிழின் சொல்லாக்கம் ஒரு நன்மையைச் செய்துள்ளது. ஆங்கிலத்தில் உரிமையையும் விலையின்மையையும் ஒரே சொல் குறிப்பதால் நாற்பதாண்டுகளாகக் குழப்பம் நிலவுகிறது. தமிழில் ‘கட்டற்ற’, ‘இலவச’ என இரு சொற்கள் தனித்தனியே நிற்கின்றன. ஆயினும் பேச்சிலும் எழுத்திலும் இவ்வேறுபாட்டை நாம் பேணுவதில்லை. விலையின்றிக் கிடைக்கும் எழுத்துமாற்றிகள், சொற்பிழை திருத்திகள், அகராதிச் செயலிகள் பலவும் கட்டற்றவை அல்ல. அவற்றை உருவாக்கியவர் நிறுத்திவிட்டால் அவை அன்றோடு முடிந்துவிடும்.

ஸ்டால்மன் மென்பொருளைச் சமையற் குறிப்போடு ஒப்பிடுவது வழக்கம். ஆட்டையாம்பட்டியில் வாழ்வோருக்கு இவ்வொப்புமை எளிதில் விளங்கும். அவ்வூரின் கை முறுக்கை யாரும் வாங்கி உண்ணலாம். ஆனால் மாவின் அளவு, பிசையும் பதம், எண்ணெயின் சூடு, கையால் சுற்றும் முறை ஆகியவற்றை உண்பதால் அறிய முடியாது. முறுக்கை இலவசமாகக் கொடுப்பது ஒன்று. பக்குவத்தைச் சொல்லிக்கொடுத்து, ‘நீங்களும் சுடலாம், மாற்றியும் சுடலாம், விற்கவும் செய்யலாம்’ என்பது மற்றொன்று. திறமூலம் இரண்டாவதைச் சார்ந்தது. அதில் விற்பனைக்குத் தடையில்லை. பக்குவத்தை மறைப்பதற்கே இடமில்லை.

2. மூலநிரலும் மூலபாடமும்

தமிழாய்வாளருக்கு இக்கருத்து புதியதன்று. ‘மூலமும் உரையும்’ என நூலுக்குப் பெயரிடும் மரபு நம்முடையது. உரையாசிரியர் கூறும் பொருளை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் மூலம் உடன் இருக்கவேண்டும் என்பது அம்மரபின் உட்கிடை. உ.வே.சாமிநாதையரின் சீவக சிந்தாமணிப் பதிப்பு 1887இலும் புறநானூற்றுப் பதிப்பு 1894இலும் வெளிவந்தன. அவர் பதிப்புகளின் பெருமை பனுவலைத் தந்ததோடு முடியவில்லை. கிடைத்த ஏடுகளைப் பற்றிய செய்திகளையும் பிரதிபேதங்களையும் காட்டியமையால், பதிப்பாசிரியர் ஏற்ற பாடத்தைப் பின்வந்தோர் மீளாய்வு செய்ய வழி பிறந்தது. சான்றை மறைத்து முடிவை மட்டும் தந்திருந்தால் அவரை நம்புவதைத் தவிர வேறு வழி இருந்திராது.

மென்பொருளிலும் இதுவே நிலை. ஒரு சொல்லடைவை உருவாக்கும் நிரல் எதைச் சொல் எனக் கொண்டது, புணர்ச்சியைப் பிரித்ததா, ஒற்று மிகுந்த வடிவையும் மிகாத வடிவையும் ஒன்றாக எண்ணியதா என்பவை ஆய்வு முடிவைத் தீர்மானிக்கும். மூலநிரல் காணக் கிடைத்தால் இவ்வினாக்களுக்கு விடையுண்டு. கிடைக்காவிடில், நிரல் தந்த எண்ணிக்கையை ஆய்வேட்டில் எடுத்தெழுதுவது பெயரறியா உரையாசிரியரின் முடிவை மூலம் பாராமல் ஏற்பதற்கு ஒப்பாகும்.

3. ஒரு சொல்லில் எத்தனை எழுத்து?

இதனை ஓர் எளிய சான்றால் காணலாம். ‘தமிழ்’ என்னும் சொல்லில் மூன்று எழுத்துகள் உள்ளன. ஒருங்குறியில் அச்சொல் ஐந்து குறியெண்களாகப் பதிவாகிறது. த, ம, இகரக் குறி, ழ, புள்ளி என்பன அவை. 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற் பதிப்பிலிருந்தே தமிழுக்கு 128 இடங்கள் கொண்ட பகுதி ஒதுக்கப்பட்டுள்ளது. இந்தியத் தர நிறுவனத்தின் பழைய குறியேற்றத்தைப் பின்பற்றி, உயிர்மெய் அதில் மெய்யும் உயிர்க்குறியுமாகப் பிரித்துவைக்கப்பட்டது. ஆகவே பொதுவான நிரல்மொழிகளில் இச்சொல்லின் நீளத்தைக் கேட்டால் ஐந்து என்ற விடையே வரும். 247 எழுத்துகளை அடிப்படையாகக் கொண்ட இலக்கண ஆய்வுக்கு இவ்விடை பயன்படாது.

மற்றொரு சிக்கல் நுட்பமானது. ‘கௌரவம்’ என்பதில் ஔகாரக் குறியின் பின்பகுதியும் ளகரமும் வடிவால் ஒத்திருப்பதால், பலர் எகரக் குறியோடு ளகரத்தைச் சேர்த்துக் ‘கெளரவம்’ எனத் தட்டச்சு செய்கின்றனர். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு முன்னது நான்கு எழுத்துச் சொல். பின்னது ஐந்தெழுத்துச் சொல். அலகிட்டால் முன்னது நேர் நிரை ஆகிக் கூவிளம். பின்னது நிரை நிரை ஆகிக் கருவிளம். ஒரு தட்டச்சுப் பழக்கம் சீரையே மாற்றிவிடுகிறது. யாப்பு ஆய்வுக்கான நிரல் இதனைச் சரிசெய்ததா இல்லையா என்பது முடிவைப் பாதிக்கும் செய்தி.

இத்தகைய சிக்கல்களுக்குத் தமிழ்த் திறமூலச் சமூகம் விடை காண முயன்றுள்ளது. முத்து அண்ணாமலை உருவாக்கிய ‘எழில்’ என்னும் தமிழ் நிரல்மொழியும், அதனைத் தொடர்ந்து பலர் பங்களிப்பில் வளர்ந்த ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பைத்தான் நிரல் தொகுப்பும் குறிப்பிடத்தக்கவை. ஓப்பன்-தமிழ், பனுவலைக் குறியெண்களாகக் கொள்ளாமல் எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. தமிழ் அகரவரிசையில் அடுக்குகிறது. பழைய குறியேற்றங்களில் உள்ள பனுவலை ஒருங்குறிக்கு மாற்றவும் உதவுகிறது. முன்னுரையில் கூறிய ஆய்வேடுகளைப் படிக்கத்தக்க பனுவலாக்க இத்தகைய மாற்றிகளே வழி. ‘க்ஷ’ என்பதை ஓர் எழுத்தாகக் கொள்வதா, இரண்டாகக் கொள்வதா என்பது போன்ற முடிவுகளும் இத்தகைய நிரல்களுக்குள் எழுதப்பட்டுள்ளன. அவை இலக்கண முடிவுகள். மூலம் திறந்திருப்பதால் இலக்கணம் அறிந்தவர் அவற்றைப் படித்து வினவலாம்.

4. தமிழ்ச் சமூகம் உருவான வழி

தமிழ்க் கணிமையின் தன்னார்வ மரபு திறமூலம் என்ற பெயரைத் தமிழ் அறிவதற்கு முன்பே தொடங்கிவிட்டது. 1990களில் ஒவ்வோர் எழுத்துருவும் தனக்கெனக் குறியேற்றம் கொண்டிருந்தது. ஒருவர் அனுப்பிய மடலை மற்றவர் படிக்க அதே எழுத்துரு தேவைப்பட்டது. இந்நிலையில் பல நாடுகளில் வாழ்ந்த தமிழர் மின்மடல் வழி விவாதித்து ‘திஸ்கி’ என்னும் பொதுக் குறியேற்றத்தை உருவாக்கினர். 1999இல் சென்னையில் நடைபெற்ற ‘தமிழ்நெட் 99’ மாநாட்டின் வழியே தமிழ்99 விசைப்பலகையும் ‘டாம்’, ‘டாப்’ குறியேற்றங்களும் அரசின் தரங்களாயின. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றது. இவ்வரலாற்றில் அரசு, நிறுவனம், தன்னார்வலர் ஆகிய மூவரின் பங்கும் உண்டு.

மதுரைத் திட்டம் இதே காலத்தது. சுவிட்சர்லாந்தில் பணியாற்றிய அறிவியலறிஞர் கு.கல்யாணசுந்தரம் முன்னின்று 1998ஆம் ஆண்டுப் பொங்கலன்று தொடங்கிய இத்திட்டத்தில், தன்னார்வலர்கள் தமிழ் நூல்களைத் தட்டச்சு செய்தும் மெய்ப்புப் பார்த்தும் மின்பதிப்பாக்கினர். அதன் கோப்புகளின் முகப்பில் தட்டச்சு செய்தோர், மெய்ப்புப் பார்த்தோர் பெயர்கள் இருக்கும். அம்முகப்பை நீக்காமல் கோப்பை யாரும் பரப்பலாம் என்ற குறிப்பும் இருக்கும். பணியாற்றியவரை மறவாதே, பிறருக்குத் தருவதைத் தடுக்காதே என்னும் இவ்விரு நிபந்தனைகளே ஓர் உரிமத்தின் சாரம். இன்று இணையத்தில் சங்க இலக்கியம் தேடுவோர் பலர் தம்மையறியாமல் இத்திட்டத்தின் பனுவலையே பயன்படுத்துகின்றனர்.

2000ஆம் ஆண்டை ஒட்டி லினக்ஸ் திரைமுகப்புகளான கே.டி.இ., குனோம் ஆகியவற்றைத் தமிழாக்கும் பணி தன்னார்வலர்களால் மேற்கொள்ளப்பட்டது. கோப்பு, அடைவு, சாளரம், உலாவி போன்ற சொற்களை ஆயிரக்கணக்கான திரைத்தொடர்களில் இட்டுப் பார்த்து, பொருந்தாதவற்றை மாற்றிய பட்டறையாக அப்பணி அமைந்தது.

‘எ-கலப்பை’ என்னும் தட்டச்சுக் கருவியின் வரலாறு மற்றொரு பாடம் தருகிறது. முகுந்தராஜ் உருவாக்கி ‘தமிழா!’ குழுவழி வெளியிட்ட அதன் தொடக்கப் பதிப்புகள், கீமேன் என்னும் வணிக இயங்குபொறியைச் சார்ந்திருந்தன. கருவி இலவசமாகக் கிடைத்தாலும் அதன் உட்பகுதி சமூகத்தின் கையில் இல்லை. மூன்றாம் பதிப்பு திறமூலமாகப் புதிதாக எழுதப்பட்டது. பின்னாளில் கீமேனும் எஸ்.ஐ.எல். நிறுவனத்தின் பொறுப்பில் திறமூலமாயிற்று. இலவசத்திலிருந்து கட்டற்ற நிலைக்கு வந்த இந்நகர்வு, முன்பு கூறிய சொல்வேறுபாடு நடைமுறையில் என்ன பொருள் தரும் என்பதைக் காட்டுகிறது.

2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும், 2005இல் ஈழத்து ஆவணங்களைப் பேணும் நூலகம் திட்டமும் தொடங்கின. விக்கிப்பீடியா இயங்கும் மீடியாவிக்கி மென்பொருள் கட்டற்றது; அதன் கட்டுரைகளும் பகிர்வுரிமத்தின்கீழ் உள்ளவை. 2012இல் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழ் கட்டற்ற மென்பொருள் பற்றித் தமிழிலேயே எழுதும் களமாயிற்று. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் ஒத்துழைப்போடு ஈராயிரத்திற்கும் மேற்பட்ட நாட்டுடைமை நூல்கள் தமிழ் விக்கிமூலத்தில் சேர்க்கப்பட்டதும், அவற்றை எழுத்துணரி வழிப் பனுவலாக்கத் த.சீனிவாசன் திறமூல நிரலொன்றை எழுதியதும் இவ்வரிசையில் அமைவன.

5. சமூகம் இயங்கும் முறை

திறமூலத் திட்டம் என்றால் நிரலாளர் மட்டுமே பங்கேற்பது என்ற எண்ணம் பொருந்தாது. நிரல் எழுதுவோர், வழுவைக் கண்டு தெரிவிப்போர், மொழிபெயர்ப்போர், பயன்பாட்டுக் கையேடு எழுதுவோர், தரவு தொகுப்போர், புதியவருக்குக் கற்பிப்போர் எனப் பலர் அதில் உண்டு. ஒவ்வொரு திட்டத்திற்கும் பராமரிப்பாளர் ஒருவரோ சிலரோ இருப்பர். பிறர் அனுப்பும் திருத்தங்களைச் சோதித்து ஏற்பதோ, காரணம் கூறி மறுப்பதோ அவர் பணி. ஆய்விதழின் மதிப்பாய்வுக்கும் இதற்கும் ஒற்றுமை உண்டு. வேறுபாடு, இங்கு மதிப்பாய்வாளரின் குறிப்பும் எழுதியவரின் மறுமொழியும் யாவரும் காணப் பதிவாகின்றன என்பதே.

இப்பதிவைப் பேணும் கருவி பதிப்புக் கட்டுப்பாடு எனப்படும். டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய ‘கிட்’ இதற்குப் பெரிதும் பயன்படுகிறது. எந்த வரியை யார், எந்நாளில், எக்காரணத்தால் மாற்றினார் என்ற செய்தி அதில் நிலைத்திருக்கும். பாடவேறுபாட்டு ஆய்வில் பழகியவர் இதன் அருமையை உணர்வர்.

பராமரிப்பாளரோடு உடன்படாதோர் மூலநிரலைப் படியெடுத்துத் தனித்திட்டம் தொடங்கலாம். இதனைக் கிளைபிரிதல் என்பர். 2010இல் ஓப்பன் ஆபிஸிலிருந்து லிப்ரெ ஆபிஸ் பிரிந்தது இதற்குத் தக்க சான்று. திட்டத்தின் உரிமை நிறுவனம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறிய சூழலில், பங்களிப்பாளர் பலர் விலகித் தொடர்ந்து பணியாற்ற இவ்வுரிமை இடமளித்தது. நிறுவனம் மாறினும் பணி நிற்கவில்லை.

இச்சமூகம் முழுவதும் ஊதியமற்ற தொண்டால் ஆனதன்று. லோகித் தமிழ் எழுத்துருவை வெளியிட்டது ரெட் ஹேட் நிறுவனம். நோட்டோ தமிழ் எழுத்துருக்களின் பின்னால் கூகுள் உள்ளது. ‘மீரா இனிமை’ எழுத்துருவோ மலையாளத்திற்கெனத் தோன்றிய சுதந்திர மலையாளக் கணிமைக் குழு தமிழுக்கு அளித்த கொடை. எகர, ஒகரக் குறிகளை மெய்க்கு முன்னும் பின்னும் சரியாக இட்டுக் காட்டும் ‘ஹார்ஃப்பஸ்’ என்னும் திறமூல நிரல் தொகுப்பு ஆண்ட்ராய்டு பேசிகளிலும் பல உலாவிகளிலும் இயங்குகிறது.

6. தரவும் உரிமமும்

நிரலைப் போலவே தரவுக்கும் உரிமம் தேவை. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இன்படி, எழுதப்பட்ட உடனேயே ஆக்கத்திற்குப் பதிப்புரிமை தோன்றிவிடுகிறது. பொதுவாக அது ஆசிரியர் மறைவுக்குப்பின் 60 ஆண்டுகள் நீடிக்கும். கணினி நிரலும் அச்சட்டத்தில் இலக்கிய ஆக்கமாகவே கொள்ளப்படுகிறது. ஆகவே இணையத்தில் காணக் கிடைக்கிறது என்பதால் ஒன்று திறமூலமாகிவிடாது. எதையும் குறிப்பிடாமல் வெளியிட்டால் ‘அனைத்து உரிமையும் ஆசிரியருக்கே’ என்பதே சட்டத்தின் பொருள். ஆய்வுக்கான நியாயமான பயன்பாட்டிற்கு விலக்கு உண்டெனினும், திருத்தி மறுவெளியீடு செய்ய அது போதாது.

உரிமங்கள் பலவகை. குனு பொது உரிமம், மாற்றிய நிரலை வெளியிடுவோர் அதனையும் இதே உரிமத்தில் தரவேண்டும் என்கிறது. எம்.ஐ.டி. உரிமம் ஆசிரியர் பெயரையும் உரிமக் குறிப்பையும் நீக்காதிருந்தால் போதும் என்கிறது. எழுத்துருக்களுக்கு எஸ்.ஐ.எல். திறந்த எழுத்துரு உரிமமும், பனுவல்களுக்கும் தரவுகளுக்கும் 2002 முதல் படைப்பாக்கப் பொதும உரிமங்களும் பயன்படுகின்றன.

தமிழ் மொழியியலில் இவற்றின் பயனைக் காணலாம். பிராகாவிலுள்ள சார்லஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தமிழ்ச் சார்புநிலை மரவங்கி 600 தொடர்களைக் கொண்டது. அது உலகளாவிய சார்புநிலைத் திட்டத்தில் இடம்பெற்றதால், பல நாட்டு ஆய்வாளர் தமிழ்த் தொடரமைப்பைப் பிறமொழிகளோடு ஒப்பிட வாய்ப்பு ஏற்பட்டது. அதே திட்டத்தில் பின்னர், இக்கால எழுத்துத் தமிழுக்கென மற்றொரு மரவங்கியும் சேர்ந்தது. இலங்கையைச் சேர்ந்த க.சர்வேஸ்வரன் உள்ளிட்டோரின் ‘தமிழிமார்ஃப்’ என்னும் உருபனியல் பகுப்பியும் திறமூலமாக வெளியிடப்பட்டுள்ளது. 600 தொடர்கள் என்பது சிறிய அளவே. ஆனால் உரிமத்தோடு வெளியான 600 தொடர்கள், தனி ஒருவரின் கணினியில் உறங்கும் பெருந்தொகுப்பினும் மிகுதியாகப் பயன்பட்டுள்ளன.

நம் ஆய்வேடுகளின் பின்னிணைப்புகளை இக்கண்கொண்டு நோக்கவேண்டும். வட்டாரச் சொற்பட்டியல், தொழிற்சொற்கள், பழமொழித் தொகுப்பு, ஊர்ப்பெயர் அட்டவணை, கள ஆய்வுப் பேச்சுப்பதிவு எனப் பல்லாண்டு உழைப்பு அங்கே குவிந்துள்ளது. சேலம், நாமக்கல் வட்டாரத்தின் நெசவு, விசைத்தறி, வேளாண்மை சார்ந்த சொற்களைத் தொகுத்த ஆய்வாளர் அப்பட்டியலைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்து படக்கோப்பாக மட்டும் ஒப்படைத்தால், அடுத்த ஆய்வாளர் அதே களத்தில் அதே சொற்களை மீண்டும் தொகுக்க நேரும். அத்தொழில் மறைந்தபின் அதுவும் இயலாது.

7. வரம்புகள்

திறமூலத்தை மிகைபடப் போற்றுவதும் ஆய்வாகாது. மூலம் திறந்திருப்பதால் மட்டும் தரம் வந்துவிடாது. படித்துத் திருத்துவோர் இருந்தால்தான் வரும். தமிழ்த் திட்டங்கள் பலவற்றைத் தாங்குவோர் சிலரே. அவர்கள் வாழ்க்கைத் தொழிலுக்கிடையே கிடைக்கும் நேரத்தில் இதனைச் செய்கின்றனர். அவர்கள் ஓய்ந்தால் திட்டமும் ஓய்ந்துவிடும் அபாயம் உண்டு. மூலநிரல் அழியாமல் இருப்பது வேறு, திட்டம் உயிரோடு இருப்பது வேறு. முன்னது மீட்சிக்கான வாய்ப்பை மட்டுமே தருகிறது.

சார்புநிலையும் முற்றிலும் நீங்கவில்லை. டெசராக்ட் என்னும் திறமூல எழுத்துணரி 2005இல் வெளியிடப்பட்டு, தமிழுக்கும் பயன்பட்டு வருகிறது. ஆயினும் விக்கிமூல நூல்களைப் பனுவலாக்குவதற்கு நாடப்பட்டது கூகுளின் மூடிய எழுத்துணரிச் சேவையே. கட்டற்ற நூலகம் ஒன்றை எழுப்பக் கட்டுள்ள கருவி தேவைப்பட்டது. அச்சேவை நிறுத்தப்படின் மாற்று என்ன என்ற வினா எஞ்சுகிறது.

அரசு வழங்கலாலும் சமூகம் தானே உருவாகிவிடுவதில்லை. சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இயங்குதளம் 2007இல் வெளிவந்தது. தமிழக அரசின் மாணவர் மடிக்கணினிகளிலும் இடம்பெற்றது. மென்பொருளை வழங்குவது ஒரு பணி. அதனைக் கற்றுத் திருத்த வல்லவரை உருவாக்குவது மற்றொரு பணி. இரண்டாவது பணி வகுப்பறையைச் சார்ந்தது.

8. தமிழாய்வாளர் செய்யத்தக்கன

நிரலெழுதக் கல்லாத தமிழாய்வாளரும் இச்சமூகத்தில் பங்கேற்கலாம். அதற்கான வழிகளைப் பின்வருமாறு தொகுக்கலாம்.

1. ஆய்வேட்டை ஒருங்குறியில் தட்டச்சு செய்தல். டி.டி.பி. மையத்தில் கொடுக்கும்போதே இதனை வலியுறுத்துதல்.

2. பின்னிணைப்புத் தரவைப் படக்கோப்பாக மட்டுமன்றி, எளிய பனுவல் கோப்பாகவும் அட்டவணைக் கோப்பாகவும் பேணி, நெறியாளரின் இசைவோடும் தகவல் தந்தோரின் ஒப்புதலோடும் தக்க உரிமத்தில் வெளியிடுதல். தனிமனிதர் பற்றிய செய்திகளை வெளியிடுமுன் நீக்குதல்.

3. பயன்படுத்திய மென்பொருளின் பெயரையும் பதிப்பு எண்ணையும் நூற்பதிப்பைக் குறிப்பதுபோல ஆய்வேட்டில் குறித்தல்.

4. சொற்பிழை திருத்தியோ பகுப்பியோ தவறான விடை தரும்போது, சொல், எதிர்பார்த்த விடை, இலக்கணக் காரணம் ஆகியவற்றோடு திட்டத்தாருக்குத் தெரிவித்தல். இலக்கணம் அறிந்தவர் எழுதும் வழு அறிக்கைக்கு நிரலாளரால் ஈடுசெய்ய இயலாத மதிப்பு உண்டு.

5. முதுகலை மாணவர்க்கு ஒப்படைப்பாக விக்கிமூலத்தில் மெய்ப்புத் திருத்தம் வழங்குதல். மாணவர் பதிப்புப் பயிற்சி பெறுவர், நூலும் திருந்தும்.

இவற்றுள் எதற்கும் பெருஞ்செலவு இல்லை. தேவைப்படுவது பழக்க மாற்றமும் துறைகளின் ஏற்பும் ஆகும். தரவு வெளியீட்டையும் நிரற் பங்களிப்பையும் ஆய்வுப் பணியாக மதிப்பிடும் முறை பல்கலைக்கழகங்களில் உருவாதல் வேண்டும். கட்டுரை எண்ணிக்கை மட்டுமே கணக்காகும் இடத்தில், சொற்பட்டியலைத் திருத்தி வெளியிட எந்த ஆய்வாளரும் நேரம் ஒதுக்கமாட்டார்.

முடிவுரை

இதுவரை கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் பெறப்படுகின்றன. திறமூலம் என்பது விலை பற்றியதன்று. சோதித்தறியவும் தொடர்ந்து செய்யவும் உள்ள உரிமை பற்றியது. மூலத்தை உடன்வைத்து உரை காணும் தமிழ் மரபுக்கு அது அயலானதன்று. குறியேற்றம் முதல் மரவங்கி வரை தமிழாய்வு பயன்படுத்தும் கருவிகளில் திறமூலச் சமூகத்தின் உழைப்பு கலந்துள்ளது. அவ்வுழைப்பை நுகரும் அளவுக்குத் தமிழ்த்துறைகள் அதில் பங்கேற்கவில்லை. எழுத்து, சொல், அசை பற்றிய முடிவுகள் நிரல்களுக்குள் நாள்தோறும் எழுதப்படுகின்றன. தமிழ் கற்றோர் அங்கு இல்லாவிடில் அம்முடிவுகளைப் பிறர் எடுப்பர். மூலம் மூடியிருந்தால் அவை எடுக்கப்பட்டதே நமக்குத் தெரியாமற்போகும். எழுத்தை எண்ணும் நிரலில் ஔகாரத்தைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அவர் தமிழாய்வாளராக இருப்பதே பொருத்தம்.